விலை கொடுத்து வாங்கும் கஷ்டம்



வாரக் கடைசி வந்துவிட்டால், நமது ஜொகூரில் குளுவாங் சாலையிலும் மெர்சிங் சாலையிலும் சில வண்டிகள் வரிசையாகக் காட்டை நோக்கிப் போவதை எவரும் காணலாம். மற்றக் கார்களைவிட உயரமானவை. சேற்றைக் கடிக்கும் பெரிய பல் வைத்த டயர்கள். முன்புறத்தில் கம்பி வடம் சுற்றிய உருளை. கூரைமேல் கூடாரமும் அடுப்பும் அரிசி மூட்டையும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் இந்த 'ஃபோர் வீல்' வண்டிகளில் போகிறவர்கள், ஓர் இரவோ இரண்டு இரவோ ஆற்றோரம் தங்கி, சேற்றில் புதைந்து, மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, மேலெல்லாம் மண்ணாகத் திரும்பி வருகிறார்கள். வந்த மறுநாளே, "அடுத்த பயணம் எப்போது?" என்று கேட்கிறார்கள்.

இவர்களில் நம் சமூகத்து வாலிபர்களும் இருக்கிறார்கள். வாலிபத்தைக் கடந்த கடை முதலாளிகளும் இருக்கிறார்கள். இதைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பெரியவர்கள், "நம் பாட்டன்மார் துணி மூட்டையைத் தோளில் சுமந்து, தோட்டம் தோட்டமாகச் சேற்றில் நடந்தது வயிற்றுப் பாட்டுக்காக. இவர்களோ காசைக் கொடுத்துக் கஷ்டத்தை வாங்குகிறார்கள். இது வீண்விரயம்" என்கிறார்கள். வாலிபர்களோ, "விடிந்தது முதல் இஷா வரை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அடைந்து கிடக்கிறவனுக்குக் காடு ஒரு பள்ளிக்கூடம். அங்கேதான் மனிதன் மனிதனாகிறான்" என்கிறார்கள்.

தானாகத் தேடிப் போய், விலை கொடுத்து வாங்குகிற கஷ்டத்தில் நன்மை உண்டா? உண்டென்றால் எப்போது உண்டு? இதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. நம் கடைகளையும், கடையில் நிற்கும் சிப்பந்திகளையும் நேரடியாகத் தொடுகிற கேள்வி இது. எப்படித் தொடுகிறது என்பதைப் போகப் போகச் சொல்லுகிறேன்.

முதலில் இந்தப் பயணம் இன்னதென்று அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். நமது மாநிலத்தின் வடகிழக்கே எண்டாவ்-ரொம்பின் காடு இருக்கிறது. 1977-இல் அதன் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. 1985-86-இல் மலாயா இயற்கைச் சங்கத்தார் அங்கே பெரிய ஆராய்ச்சிப் பயணம் நடத்தினர். 1993-இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அரசாங்கப் பதிவில் ஏறியது. அதன் பரப்பு 48,905 ஹெக்டேர். குளுவாங்கைத் தாண்டி கஹாங் என்னும் ஊரிலிருந்து செம்பனைத் தோட்டங்களின் ஊடே சுமார் 56 கிலோ மீட்டர் சென்றால் கம்போங் பெத்தா வரும். அது ஜக்கூன் என்னும் பூர்வகுடியினரின் கிராமம். பூங்காவின் ஒரு வாசல் அங்கேதான் இருக்கிறது. நெடுங்காலமாக அந்தப் பாதை ஃபோர் வீல் வண்டிகளுக்கென்றே ஆன பாதை. ஆண்டின் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பூங்காவை மூடிவிடுவது வழக்கம்.

சாதாரண மனிதன் மழைக்கு ஒதுங்குவான். இந்த வண்டிக்காரர்களில் சிலர் மழையையே தேடிப் போவார்கள். 1997 முதல் மலேசியாவில் நடந்து வந்த 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' என்னும் பெரும் போட்டியை, மழை கொட்டுகிற ஆண்டுக் கடைசியில்தான் வைப்பார்கள். பாதை கெட்டுப் போகாவிட்டால் அவர்களுக்கு ருசியில்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகைய வண்டிகள் விளையாட்டுக்காக உண்டானவை அல்ல. 1948-இல் பிரிட்டனில் லேண்ட் ரோவர் வண்டியைச் செய்தபோது, முக்கியமாக விவசாயிகளின் உபயோகத்தை எண்ணியே செய்தார்கள். வேலைக்கான கருவி, காலப்போக்கில் பொழுதுபோக்குக்கும் கருவியாகி விட்டது. ஒருவனுக்குப் பிழைப்பாக இருந்த கஷ்டம் இன்னொருவனுக்கு விளையாட்டாகிறது. நமது கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பெரியவர்களின் ஆட்சேபணையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஓய்வும் உல்லாசமும் வீண் என்று நமது மார்க்கம் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். குதிரையேற்றத்தையும் அம்பெய்தலையும் ஊக்குவித்தார்கள். பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஆகவே காட்டுக்குப் போவதே குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. பிறர் கண்ணுக்காக வண்டி வாங்கி, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, கொள்முதல் பணத்தை டயரில் போடுகிறவன் இருந்தால், அவன் குற்றம் வீண்பெருமை. அந்தக் குற்றத்தைக் காட்டுக்குப் போகாமல் கல்யாணப் பந்தலிலும் செய்யலாம். செய்கிறவர்களும் உண்டு!

இனி வாலிபர்களின் கட்சி. காடு ஒரு பள்ளிக்கூடம் என்கிறார்களே, அதில் உண்மை இல்லாமல் இல்லை. சேற்றில் புதைந்த வண்டியில் கோபத்தோடு எண்ணெயை மிதித்தால் சக்கரம் சுழன்று இன்னும் ஆழமாகப் பள்ளம் பறிக்கும். அங்கே அவசரக்காரனுக்கு இடமில்லை. டயரின் காற்றைக் குறைத்து அதன் அடியை அகலப்படுத்தி, கீழ்க் கியரில் மெதுவாக நகர்த்த வேண்டும். அதுவும் முடியாவிட்டால் முன்னால் போனவன் வடத்தைப் போட்டு இழுக்க வேண்டும். யார் பெரிய முதலாளி, யார் சின்ன வியாபாரி என்கிற கணக்கு அங்கே எடுபடாது. மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததன் அருமை அத்தகைய இடத்தில்தான் நன்றாக விளங்கும்.

வழிகாட்டியின் பெருமையும் அங்கேதான் விளங்கும். 622-இல் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் புறப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் பாலைவன மலைப் பாதைகளை நன்கறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அச்சமயம் முஸ்லிம் அல்லர். ஆயினும் இரண்டு ஒட்டகங்களையும் அவர் பொறுப்பில் விட்டு, மூன்று இரவுகள் கழித்து தௌர் குகைக்கு வரும்படி சொன்னார்கள். அவரும் சொன்னபடி வந்தார். அறிவையும் நாணயத்தையும் பார்த்தார்கள். பேசிய கூலிக்கு உரிய மனிதராக அவரை நடத்தினார்கள். கம்போங் பெத்தாவின் ஜக்கூன் வழிகாட்டியை, "ஏய்" என்று கூப்பிட்டுக் கூலியில் பேரம் பேசுகிற நம்மவர் யாரேனும் இருந்தால், இந்தச் சரித்திரத்தைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகக் கஷ்டம் பாடம் சொல்லித் தருகிறது என்பது உண்மை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் படித்தவர்களாகி விடுவதில்லை. பாடம் படித்தவனா என்பதை அறிய, வியாபாரிகளாகிய நமக்குத் தெரிந்த ஒரு சோதனை இருக்கிறது. இந்தக் கஷ்டத்தின் விலையை யார் கொடுத்தது? பில் யார் பெயரில் எழுதப்பட்டது?

வண்டிக்கும் எண்ணெய்க்கும் நான்தானே கொடுத்தேன் என்று ஒருவர் சொல்லலாம். அந்தக் கணக்கு முழுக் கணக்கு அல்ல. ஆற்றைக் கலக்கி வண்டி ஓட்டினால், அதன் விலையைக் கொடுப்பவன் ஆற்றின் கீழ்ப் பக்கத்தில் குடிக்கவும் குளிக்கவும் மீன் பிடிக்கவும் அந்தத் தண்ணீரை நம்பியிருப்பவன். பட்டையான வார் கட்டாமல் வடத்தை நேரே மரத்தில் சுற்றி இழுத்தால், விலையைக் கொடுப்பது பட்டை அறுபட்ட மரம். ஓடுகிற ஆற்றில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்றும், பாதையிலும் நிழலிலும் நீர்த்துறையிலும் அசுத்தம் செய்யலாகாது என்றும் கற்பிக்கப்பட்ட உம்மத் நாம். நுழைவுச் சீட்டு வாங்கினவன் காட்டை வாங்கினவன் ஆகமாட்டான். ஒருவர் நம் கடையில் பெட்டியை அமானிதமாக வைத்துப் போனால், அதைத் திறந்து பார்க்கவும் நமக்குக் கை வருவதில்லையே! காடும் அத்தகைய அமானிதம்தான்.

வீட்டுப் பெண்மக்களின் கணக்கும் உண்டு. பயணத்துக்கு முதல் நாள் இரவு சம்பல் அரைத்து, கோழி பொரித்து, பெட்டி கட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். இரண்டு நாள் பிள்ளைகளைத் தனியே பார்த்துக் கொண்டவர்களும், வந்து இறங்கிய சேற்றுத் துணிகளைத் துவைத்தவர்களும் அவர்களே. அவர்களுக்குரிய ஓய்வு நாள் எது?

இனி கடைக்கு வருவோம். ஜொகூரில் 2014 ஜனவரி 1 முதல் வெள்ளியும் சனியும் வார ஓய்வு நாட்களாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு ஆயிற்று. அரசாங்க அலுவலகத்துக்கு இந்த மாற்றம் பெரிய மாற்றம். நம் சில்லறைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கும் சிப்பந்திகளில் பலருக்கு என்ன மாற்றம்? ஊரார் ஓய்வெடுக்கும் நாளில்தான் கடையில் கூட்டம். முதலாளி காட்டுக்குப் போகும் அந்த இரண்டு நாட்களிலும் கல்லாவையும் சரக்கையும் கவனித்துக் கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் காலில் நிற்பவன் யார்? ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் மனைவி மக்களை விட்டு வந்தவன். முதலாளி தேடிப் போகிற கால்வலியும் உறக்கக் குறைவும் அவனுக்குத் தேடாமலே கிடைக்கின்றன. முதலாளியின் கஷ்டம் ஞாயிற்றுக்கிழமை மாலையோடு முடிந்துவிடும். அவனுடையதற்கு முடிவு தேதி போடவில்லை.

வளைகுடா நாடுகளில் பிழைக்கும் நம் சகோதரர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஹஜர் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. ஓமானிலுள்ள ஜபல் ஷம்ஸ் சிகரம் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம். குளிர் மாதங்களில் விடுமுறை கிடைத்தால், வசதியுள்ளவர்கள் டயரின் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலிலும் மலைக் கணவாய்களிலும் வண்டி ஓட்டி, இரவில் நட்சத்திரத்தின் கீழ் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பாலைவனம் அவர்களுக்கு இன்பம். அதே பாலைவனத்தில் கோடைக்காலத்தில் கட்டிட வேலை செய்பவனுக்கோ அது நெருப்பு. அதனால்தான் அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம் வைத்திருக்கிறார்கள். மணலும் ஒன்று, சூரியனும் ஒன்று. ஒருவன் வேண்டியபோது வந்து வேண்டியபோது திரும்புகிறான். மற்றவனுக்குத் திரும்பும் அதிகாரம் தன் கையில் இல்லை. சேற்றையும் வெயிலையும்விடப் பெரிய கஷ்டம் இந்த அதிகாரம் இல்லாமைதான்.

பாலைவனப் பயணத்தில் நமது வழிகாட்டி எப்படி நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள். ஹிஜ்ரி 2-இல், அதாவது 624-இல், பத்ருக்குப் போன முந்நூற்றுச் சொச்சம் பேருக்குச் சுமார் 70 ஒட்டகங்களே இருந்தன. மூவரும் நால்வருமாகச் சேர்ந்து ஓர் ஒட்டகத்தில் முறைவைத்து ஏறினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகத்தில் அலீ (ரலி) அவர்களும் அபூ லுபாபா (ரலி) அவர்களும் பங்காளிகள். நடக்க வேண்டிய முறை நாயகத்துக்கு வந்தபோது, "தங்களுக்குப் பதில் நாங்கள் நடக்கிறோம்" என்று இருவரும் கேட்டுக் கொண்டார்கள். தம்மைவிட அவர்கள் பலசாலிகள் அல்லர் என்றும், இறைவனின் கூலி அவர்களுக்கு வேண்டியிருப்பது போலவே தமக்கும் வேண்டியிருக்கிறது என்றும் கருத்துப்பட மறுமொழி சொல்லிவிட்டு, நாயகம் இறங்கி நடந்தார்கள். தலைவர் தம் பங்குக் கஷ்டத்தை எடுத்துக் கொண்டார்கள்; அடுத்தவரின் முறை வந்தபோது ஒட்டகத்தை விட்டுக் கொடுத்தார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

நம் சிப்பந்தியின் முறை எப்போது வருகிறது?

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்பதை நான் அறிவேன். நானும் கடைக்காரனே ஆகையால் அவற்றின் நியாயம் எனக்குத் தெரியும். ஒன்று, "ஆளுக்கொரு நாள் ஓய்வு கொடுத்தால் கடையை யார் நடத்துவது?" என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர் வாரம் ஏழு நாளும் வேலை செய்தால் 42 ஆள்நாட்கள். ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் 36. குறைவது ஆறு. ஏழாவதாக ஓர் ஆளைச் சேர்த்து, அவரும் ஆறு நாள் வேலை செய்தால் மறுபடியும் 42. ஆறு பேர் கொண்ட கடைக்கு இந்தத் தர்மத்தின் விலை ஒரே ஓர் ஆள். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு செட் சேற்று டயரும் ஒரு வடம் இழுக்கும் யந்திரமும் வாங்கும் தொகை அந்த ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும் என்பது காட்டுக்குப் போகிறவர்களுக்கே தெரியும். மாதந்தோறும் கொடுப்பது பாரம்தான்; இல்லையென்று சொல்லவில்லை. பாரமில்லாத ஹக் எது?

வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் வரம்பும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. ஆக இதைத் தர்மம் என்று நான் சொன்னதுகூட அதிகம். இது கடன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. "அவனே ஓய்வு வேண்டாம் என்கிறான், அந்த நாள் சம்பளத்தையும் சேர்த்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்கிறான். வலியக் கொடுக்கலாமா?" என்பது. அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம். தங்கை கல்யாணமும் கடன் வட்டியும் அவனைத் துரத்தலாம். ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்கு மதிப்பு உண்டாவது, வேண்டும் என்று சொன்னாலும் கிடைக்கும் என்கிற நிலையில்தான். கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார் என்று அஞ்சுகிறவன் வேண்டாம் என்று சொல்வதைச் சம்மதம் என்று எழுதிக் கொள்ள முடியுமா? சரக்கின் குறையை மறைத்து வாங்கிய சம்மதம் வியாபாரத்தில் செல்லாது என்று மதரஸாவில் ஓதிய நாம், அச்சத்தால் வந்த சம்மதத்தை எந்தக் கணக்கில் எழுதுவோம்? முதலில் நாளைக் கொடுங்கள். சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள். பிறகும் அவனாக விரும்பி அந்நாளில் உழைத்தால், சட்டப்படி உள்ள கூடுதல் கூலியைக் கையில் வையுங்கள். அப்போது அது அவனுடைய விருப்பம்.

சல்மான் (ரலி) அவர்கள் தம் தோழர் அபூதர்தா (ரலி) அவர்களுக்குச் செய்த உபதேசம் நம் மிம்பர்களில் அடிக்கடி சொல்லப்படுவது. இறைவனுக்கு உன்மேல் ஹக் உண்டு, உன் உடலுக்கும் உண்டு, உன் குடும்பத்தாருக்கும் உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடு என்பது அதன் சாரம். நாயகமும் அதைச் சரியென்றார்கள். காட்டுக்குப் போகும் முதலாளி தம் உடலுக்குரிய ஹக்கைக் கொடுக்கிறார், அது நியாயமே. அதே உபதேசத்தால் சிப்பந்தியின் உடலுக்கும், ஊரில் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் அவன் குடும்பத்துக்கும் ஹக் உண்டாகிறது. நம் கீழ் வேலை செய்பவர்கள் நம் சகோதரர்கள் என்றும், சக்திக்கு மீறிய வேலையை ஏவினால் நாமும் கூட நின்று உதவ வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) சொன்னார்களே, அது அவனையும் சேர்த்துச் சொன்னதுதான்.

ஆகவே வாலிபர்களைக் காட்டுக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். சேற்றில் புதைந்த வண்டியை முன்பின் தெரியாதவன் வந்து இழுத்துவிட்ட நன்றியை ஒருமுறை உணர்ந்தவன், மற்றவர் கஷ்டத்தை உணரத் தகுதி பெறுகிறான். அந்த உணர்ச்சி கஹாங் முச்சந்தியிலேயே நின்றுவிட்டால், வாங்கிய கஷ்டம் வீண்விரயம். பெரியவர்கள் சொன்னது சரியாகிவிடும். அது கடைவரை கூடவே வந்தால், கொடுத்த விலைக்கு மேல் லாபம்.

அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் உங்கள் பயண நாளை வட்டமிடுவதற்கு முன்னால், சிப்பந்திகள் ஒவ்வொருவருடைய ஓய்வு நாளையும் அவரவர் பெயரோடு எழுதி வையுங்கள். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் அந்தக் காலண்டர் இருக்கட்டும். அதன் பிறகு வண்டியை எடுங்கள். உங்கள் பயணம் ஸலாமத்தாக அமையவும், நம் கடைகளில் பரக்கத் உண்டாகவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.